மருத்துவமனையில் இசை சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி–கடலூர் சாலையை ஒட்டிய மருத்துவமனைகளில் இசை சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். பண்ருட்டி, நெய்வேலி, விழுப்புரம் என்று பல ஊர்களிலிருந்தும் இங்கே நோயாளிகள் வருகிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினர், டியூட்டி நர்ஸ், இசைக் கல்லூரி மாணவர், நிர்வாக அலுவலர் என யாரைப் பார்த்தாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் பொதுவானவை, போகப்போக மருத்துவர்களும் நிர்வாகமும் கேட்பவை.

இசை சிகிச்சைன்னா வார்டுல பாட்டு போட்டு விடுறதுதானே?

இல்லை. வார்டில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டால், பிடித்தவருக்கு அது பாட்டு, பிடிக்காதவருக்கு இரைச்சல். எழுந்து போக முடியாதவர்தான் அங்கே படுத்திருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. இரவில் நோயாளி அறைகளில் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மானிட்டர் அலாரமும் தள்ளுவண்டிச் சத்தமும் ஏற்கனவே அதைத் தாண்டித்தான் இருக்கின்றன. அதன்மேல் இன்னொரு சத்தத்தை ஏற்றுவதற்கு நல்ல காரணம் வேண்டும்.

இசை சிகிச்சை என்றால், அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் இந்த நோயாளிக்கு இன்று என்ன தேவை என்று பார்த்து, அதற்கு ஒரு இலக்கு வைத்து, அவரோடு சேர்ந்து பாடியோ வாசித்தோ கேட்டோ வேலை செய்து, என்ன நடந்தது என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவது. டிரெஸ்ஸிங் மாற்றும்போது நர்ஸ் ஒருவர் நோயாளிக்குப் பிடித்த பாட்டை ஹெட்போனில் கேட்க வைப்பதும் நல்ல காரியம்தான், அதற்கும் பலன் உண்டு. ஆனால் அது வேறு வேலை.

எந்த நோய்க்கு எந்த ராகம்? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

அதிகமாக வரும் கேள்வி இதுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு ராகம், சர்க்கரைக்கு ஒரு ராகம், முட்டிவலிக்கு ஒரு ராகம் என்று மாத்திரைச் சீட்டு மாதிரி எழுதியிருக்கும். அப்படி ஒரு ராகத்துக்கு ஒரு நோய் என்று பொருத்தம் பார்க்கும் அளவுக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. சித்த மருத்துவத்தையும் இசையையும் சேர்த்தே வாழ்க்கையாக்கிக்கொண்ட தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதரைப் (1859–1919) போன்றவர்கள் நம் மண்ணில் இருந்திருக்கிறார்கள். அந்த மரபின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த மதிப்பினால்தான் இந்தப் பட்டியல்களைப் பார்த்தால் வருத்தம் வருகிறது.

தேவனாம்பட்டினத்தில் வலை இழுத்துப் பழகிய பெரியவருக்கு, மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டில் மூச்சு சீராக வரும். நெய்வேலியில் சுரங்க வேலை பார்த்தவருக்கு அதில் வராமல் போகலாம், அவர் இளவயதில் கேட்ட சினிமாப் பாட்டில் வரலாம். இன்னொருவருக்கு ஞாயிறு ஆராதனைக் கீர்த்தனை, வேறொருவருக்கு நாகூர்ப் பாட்டு. ஹெல்சிங்கியில் பக்கவாதம் வந்த 60 பேரைச் சேர்த்துச் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பிரிவினர் இரண்டு மாதம் தினமும் பாட்டுக் கேட்டார்கள், இன்னொரு பிரிவினர் ஒலிப்புத்தகம் கேட்டார்கள், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் இல்லை. பாட்டுக் கேட்டவர்களுக்குத்தான் சொல் நினைவும் கவனமும் கூடுதலாகத் திரும்பின. அவர்கள் கேட்டது ஆய்வாளர் விதித்த இசையை அல்ல, தாங்களே தேர்ந்தெடுத்ததை.

ராகத்துக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. வேகம், ஸ்தாயி, சத்த அளவு, சொல் இருக்கிறதா இல்லையா, கேட்டுப் பழகியதா புதியதா என்று நாங்கள் பார்க்கும் பலவற்றில் ராகமும் ஒன்று.

அப்பர் சுவாமிக்குத் திருவதிகையில பாடித்தானே சூலை தீர்ந்துச்சு? அப்புறம் நீங்க ஏன் இவ்வளவு தயங்குறீங்க?

பண்ருட்டிப் பக்கத்து ஆட்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். கேட்கவும் வேண்டும். திருவதிகை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சூலை நோய் குடலை முறுக்கியபோது அப்பர் பாடிய ‘கூற்றாயினவாறு’ பதிகத்தை இன்றும் வயிற்றுவலிக்காரர்கள் ஓதுகிறார்கள். அந்த நம்பிக்கையைத் தொட எனக்கு உரிமையில்லை. நோயாளி கேட்டால் அதே கொல்லிப் பண்ணில் நானும் கூடப் பாடுவேன்.

ஆனால் வயிற்றுவலி என்று வருபவருக்கு முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும். குடல்வால் வெடிக்கப் போகிறதா, பித்தப்பையில் கல்லா என்று பாட்டு சொல்லாது. அந்தப் பதிகத்தில் நான் கவனிப்பது வேறு ஒன்று: நோவுபட்டவரே பாடுகிறார், தன் வலி எங்கே எப்படி இருக்கிறது என்று தன் வாயால் சொல்கிறார். வார்டில் நோயாளி பாட்டைக் கேட்பதோடு நில்லாமல் அவரையே பாட வைக்க நாங்கள் ஏன் இவ்வளவு முயல்கிறோம் என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதிகத்தைத்தான் காட்டுகிறேன்.

சரி, உண்மையிலேயே பலன் இருக்கா? ஆதாரம் காட்டுங்க.

அறுவை சிகிச்சை விஷயத்தில் நல்ல ஆதாரம் இருக்கிறது. 2015இல் லான்செட் மருத்துவ இதழில் 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு வந்தது. இசை கேட்டவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. எத்தனை நாள் படுக்கையில் இருந்தார்கள் என்பதில் மட்டும் வித்தியாசமில்லை. வென்டிலேட்டரில் இருந்தவர்களைப் பற்றி அமெரிக்காவின் 12 ஐசியூக்களில், 373 பேரிடம் செய்த ஆய்வு 2013இல் வந்தது. எப்போது கேட்பது, எவ்வளவு நேரம் கேட்பது என்பதை நோயாளியே முடிவு செய்தார். அவருக்குப் பிடித்தது எது என்று விசாரித்துத் தொகுத்துக் கொடுத்தவர் இசை சிகிச்சையாளர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், ஐந்தாம் நாளில் பதற்றம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்த தடவைகளும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருந்தன.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளை 9 நாடுகளில் சேர்த்துச் செய்த பெரிய ஆய்வு 2017இல் வந்தது. ஐந்து மாத முடிவில் அறிகுறிகளின் தீவிரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப்பின், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பாய்வு ஒட்டுமொத்த முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் இருக்கக்கூடும் என்கிறது. ஆட்டிசக் குழந்தையோடு வரும் பெற்றோரிடம் நான் இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். பாட்டால் கட்டி கரையாது, சர்க்கரை இறங்காது. அப்படிச் சொல்பவர் யாராக இருந்தாலும் அங்கே உட்காராதீர்கள்.

வார்டுக்குள்ள வந்து நீங்க என்னதான் செய்வீங்க?

மருத்துவரோ நர்ஸோ ஒரு நோயாளியைப் பரிந்துரைப்பார்கள். நான் கேஸ் ஷீட்டைப் படிப்பேன். டியூட்டி நர்ஸிடம் ராத்திரி எப்படி இருந்தார், வலி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பேன். கை கழுவி, கொண்டுபோகும் கஞ்சிரா, சுருதிப் பெட்டி எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைத்த பிறகுதான் கட்டிலருகே போவேன். துடைக்க முடியாத கருவியை உள்ளே கொண்டுபோவதில்லை.

அப்புறம் நோயாளியிடம் பேச்சு. எந்த ஊர், என்ன வேலை, கல்யாண வீட்டில் என்ன பாடுவார்கள், எந்தப் பாட்டைக் கேட்கவே பிடிக்காது. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம், கெடுதல் பற்றிய கேள்வியில் விவரம் வரும். வலியும் பதற்றமும் எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லச் சொல்வேன். பிறகு இசை. மூச்சு வேகமாக ஓடுகிறவரிடம் எடுத்தவுடன் தாலாட்டு மெதுவில் பாடினால் ஒட்டாது. அவர் மூச்சின் வேகத்திலேயே தொடங்கி, கூடவே நடந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைப்போம். அவரும் கூடவே இறங்கி வருவார். சில நேரம் வரமாட்டார், அப்போது நிறுத்திவிட வேண்டும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் போல ஆகும். முடிந்ததும் மறுபடி அந்த எண்ணைக் கேட்டு, நடந்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு நர்ஸிடம் சொல்லிவிட்டு வருவேன்.

டயாலிசிஸ் பிரிவில் நேரம் நிறைய. ஒரு தடவை உட்கார்ந்தால் நான்கு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதே முகங்கள் அதே நாற்காலிகளில். அங்கே பக்கத்துக் கட்டில்காரர்கள் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடுவார்கள். ஊசி குத்திய கையை அசைக்காமல் மற்றக் கையால் தாளம் போடுவார்கள். பார்க்கின்சன் நோயாளியோடு செய்யும் வேலை வேறு மாதிரி: சீரான தாளத்துக்குக் காலடி வைக்கப் பழக்குவது. அங்கே பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்பார், விழுந்துவிடக் கூடாதே.

எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. ஆனா பழைய பாட்டு வரி வரியா பாடுறாரு. அது எப்படி?

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கையாளும் பகுதி மூளையின் இடது பக்கம். பாடுவதற்கோ வலது பக்கமும் நிறையத் துணை செய்கிறது. இடது பக்கம் அடிபட்டவர் ‘தண்ணி’ என்று சொல்லத் திணறுவார், மனப்பாடமான பாட்டு மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். இதைப் பிடித்துக்கொண்டு 1973இல் பாஸ்டனில் ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார்கள். அன்றாடத் தேவைக்கான சின்னத் தொடரை இரண்டு மூன்று சுரத்தில் இழுத்துச் சொல்லி, அசைக்கு ஒரு தட்டு வீதம் இடது கையால் தட்டி, பிறகு சுரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பேச்சாக்குவது.

பாட்டு வருகிறது என்பதால் பேச்சு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ‘தண்ணி வேணும்’ என்று கேட்க வைப்பதற்குத்தான் உழைப்பு தேவை. பேச்சுப் பயிற்சியாளரும் இசை சிகிச்சையாளரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அதுவரை வீட்டில் அவர் பாடினால் கூடப் பாடுங்கள். ‘இவ்வளவு பாடுறீங்க, பேச மட்டும் மாட்டீங்களா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

குறைமாசக் குழந்தை ஐசியூல இருக்கு. போன்ல தாலாட்டு வைக்கலாமா?

போன் வேண்டாம், ஹெட்போன் வேண்டவே வேண்டாம். குறைமாதக் குழந்தைகள் இருக்கும் அறையில் சத்தம் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வகுத்த அளவு. இன்குபேட்டருக்குள் வைத்த போன் எளிதாக அதைத் தாண்டிவிடும்.

அம்மாவின் குரல் போதும். 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளோடு நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், பெற்றோர் தேர்ந்தெடுத்த தாலாட்டும், மூச்சையும் இதயத்துடிப்பையும் ஒத்த மெல்லிய நேரடி ஒலிகளும் குழந்தைகளின் இதயத்துடிப்பைச் சாந்தப்படுத்தின, தூக்கத்துக்கும் பாலருந்துவதற்கும் உதவின. பெற்றோரின் பதற்றமும் தணிந்தது. கங்காரு முறையில் மார்போடு அணைத்திருக்கும்போது ஒரே வரியை முணுமுணுப்பாகத் திருப்பித் திருப்பிப் பாடுங்கள். குழந்தை விரல்களை விரித்து முகம் சுளித்தாலோ, நிறம் மாறினாலோ, ஆக்சிஜன் அளவு இறங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். அப்பாக்களும் பாடலாம். நம் ஊர் அப்பாக்கள் கூச்சப்பட்டுக்கொண்டு வெளியே வராந்தாவில் நிற்கிறார்கள், அதுதான் எனக்குக் குறை.

பாட்டு கேட்டு யாருக்காவது கெடுதல் ஆகுமா? மருந்தா என்ன?

ஆகும். அரிதாகச் சிலருக்கு இசையே வலிப்பைத் தூண்டும். குழப்பத்தில் இருக்கும் முதியவருக்கு எங்கிருந்தோ வரும் பாட்டு பயத்தைக் கூட்டலாம். சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்குக் காது ஏற்கனவே ஆபத்தில் இருக்கும், ஹெட்போன் சத்தத்தைக் கவனிக்காமல் விடக் கூடாது. ஒருவர் காதிலிருந்து எடுத்த ஹெட்போனை அப்படியே அடுத்தவருக்கு மாட்டுவதும் கெடுதல்தான்.

இவற்றைவிட அடிக்கடி நடப்பது நினைவு கிளறுவது. யாரும் கேட்டால் ரசிக்கிற பாட்டு, ஒருவருக்கு மகன் இறந்த அன்று பக்கத்து வீட்டில் ஓடிய பாட்டாக இருக்கலாம். ஒப்பாரி பாடிப் பழகிய ஊர்க்காரர்கள் நாம், அழுவதைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் அழ ஆரம்பித்தவரைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகக் கூடாது. பயிற்சி தேவை என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

எனக்குக் குரல் நல்லா இருக்கும், வீணையில டிப்ளமோ முடிச்சிருக்கேன். இந்த வேலைக்கு வரலாமா?

வாருங்கள், ஆள் தேவை. இசை உங்களிடம் இருக்கிறது. உடற்கூறியல், உளவியல், நோய்களைப் பற்றிய அடிப்படை, மதிப்பிடும் முறை, குறிப்பெழுதுவது, ஆராய்ச்சி முறை, இவ்வளவும் படிக்க வேண்டும். அதைவிடப் பெரியது, மூத்த சிகிச்சையாளர் பார்த்துத் திருத்த வார்டில் வேலை செய்வது. அமெரிக்காவில் பட்டப்படிப்போடு 1200 மணி நேரச் செய்முறைப் பயிற்சி கேட்கிறார்கள். இங்கிலாந்தில் முதுகலை முடித்துப் பதிவு செய்தால்தான் இசை சிகிச்சையாளர் என்ற பெயரையே போட்டுக்கொள்ள முடியும். நமக்குப் பக்கத்திலேயே, பிள்ளையார்குப்பம் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில், மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இசை சிகிச்சைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான மையம் 2010இல் தொடங்கியது. வகுப்பறைக்கும் வார்டுக்கும் நடக்கிற தூரம்தான் என்பது பெரிய வசதி.

கச்சேரிப் பழக்கத்தைக் கழற்றி வைப்பது பலருக்கும் கஷ்டமாக இருக்கிறது. சங்கதி சுத்தமாக விழ வேண்டும் என்று பழகிய கைக்கு, சுருதி விலகிப் பாடும் நோயாளிக்காகத் தன் சுருதியை மாற்றிக்கொள்ளத் தோன்றாது. இங்கே அவர் பாடுவதுதான் சுருதி. கானாப் பாட்டு கேட்டால் முகம் சுளிப்பவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

ஆன்லைன்ல வார இறுதி கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டேன். போதாதா?

ஆர்வத்துக்குப் போதும். நோயாளியிடம் போகப் போதாது. காரணம் மேலே இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

நாங்க நர்ஸ். ஏற்கனவே வேலை தலைக்கு மேல. இதுவும் எங்க தலையிலயா?

உங்கள் தலையில் இல்லை. ஆனால் நீங்கள் இல்லாமல் இது நடக்காது. யார் ராத்திரி தூங்கவில்லை, யார் டிரெஸ்ஸிங் என்றாலே நடுங்குகிறார், யார் யாரோடும் பேசுவதில்லை என்று தெரிந்தவர் நீங்கள்தான். அந்தப் பெயரை எங்களிடம் சொன்னால் போதும். நாங்கள் இருக்கும்போது அவசரமில்லாத வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போட முடிந்தால் பெரிய உதவி. பாதிப் பாட்டில் திரை விலக்கிப் பிரஷர் பார்க்க வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பதிலுக்கு, மருந்து நேரமும் டாக்டர் ரவுண்ட்ஸ் நேரமும் தெரிந்துகொண்டு வருவது எங்கள் கடமை.

எங்க ஆஸ்பத்திரியில இதை ஆரம்பிக்கணும். எங்கிருந்து தொடங்குறது?

தொடக்க விழாவில் கச்சேரி வைப்பதிலிருந்து தொடங்காதீர்கள். ஒரே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுங்கள். டயாலிசிஸ் நல்ல இடம், அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் அறையும் நல்ல இடம். தனி அறை, விலை உயர்ந்த கருவி எதுவும் முதலில் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு பக்கப் பரிந்துரைப் படிவம், கேஸ் ஷீட்டில் எழுத அனுமதி, தொற்றுத் தடுப்புக் குழுவின் ஒப்புதல், பொறுப்பேற்கும் ஒரு மருத்துவர்.

சிகிச்சையாளரை மாதச் சம்பளத்தில் ஊழியராக வையுங்கள். தன்னார்வலர் வைத்து நடத்தும் ஏற்பாடு நோன்பு, பரீட்சை, கச்சேரி சீசன் வந்தால் நின்றுவிடும், நோயாளி எதிர்பார்த்துக் காத்திருப்பார். மாணவர்களை அனுப்பினால் மேற்பார்வையாளரும் கூட வர வேண்டும். மருத்துவ, செவிலியர் மாணவர்களையும் சில அமர்வுகளில் பக்கத்தில் உட்கார வையுங்கள். பின்னாளில் யாரைப் பரிந்துரைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு அமர்வுக்கு இவ்வளவுன்னு நோயாளிகிட்ட பீஸ் வாங்கலாமா?

வாங்கக் கூடாது என்பது என் கருத்து. பில் வந்தவுடன் முதலில் வேண்டாம் என்பவர் பொது வார்டில் இருப்பவர்தான். டயட்டீஷியனுக்குத் தனி ரசீது போடாத மருத்துவமனை இதற்கும் போடத் தேவையில்லை.

நான் மருத்துவர். இதெல்லாம் பிளாசிபோதானே? யாருக்கு இசை கொடுத்தோம்னு மறைக்கவே முடியாதே.

நியாயமான கேள்வி. பலன் வரும் என்ற எதிர்பார்ப்பினாலேயே வரும் பலனைத்தான் பிளாசிபோ என்கிறார்கள். கேட்பவருக்குத் தான் பாட்டுக் கேட்கிறோம் என்று தெரியும், ஆகவே பல ஆய்வுகளில் ஆதாரத்தின் உறுதி குறைவு என்றே தொகுப்பாய்வுகள் மதிப்பிடுகின்றன. பிசியோதெரபிக்கும் மன நல ஆலோசனைக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் முன்பு சொன்ன லான்செட் தொகுப்பாய்வில், முழு மயக்கத்தில் இருந்தபோது இசை கேட்பித்தவர்களிடமும் பலன் தெரிந்தது. அது எதிர்பார்ப்பினால் மட்டும் வந்தது என்று சொல்வது கடினம்.

வலியும் பதற்றமும் நோயாளி சொல்லித்தான் நமக்குத் தெரியும். அவர் 8 என்று சொன்னது 5 ஆனால், அவருக்கு அது 5தான். நான் உங்களிடம் கேட்பது நம்பிக்கையை அல்ல. உங்கள் வார்டிலேயே வலி எண்ணையும் வலி மருந்தின் அளவையும் எழுதிப் பாருங்கள். மாறவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கம்மா இனி பிழைக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. கண்ணே திறக்கல. இனிமே பாட்டு எதுக்கு?

நினைவில்லாதவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே அவர் அருகில் பேசுகிறோம், பாடுகிறோம். மூச்சு சீராகிறதா, நெற்றிச் சுருக்கம் தளர்கிறதா என்று பார்ப்போம். மாறினால் தொடர்வோம், அமைதியின்மை கூடினால் நிறுத்துவோம். சில சமயம் எதுவும் பாடாமல் சுருதியை மட்டும் மெல்ல வைத்திருப்பதும் உண்டு.

உங்களுக்காகவும்தான் வருகிறோம். என்ன பேசுவது என்று தெரியாமல் கட்டிலைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு, அம்மா சமையல்கட்டில் முணுமுணுத்த பாட்டு எது என்ற கேள்வி பேச ஒரு வழி கொடுக்கிறது. அண்ணன் தங்கைக்குள் அதில் சண்டைகூட வரும், வரட்டும். வேண்டாம் என்று நினைத்தால் தயங்காமல் சொல்லுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

தாத்தா பாடுறதை வீடியோ எடுத்துப் போட்டா நாலு பேருக்குத் தெரியுமே?

வேண்டாம். மருத்துவமனை உடுப்பில், டியூபோடு, அழுது பாடியவர் வீட்டுக்குப் போன பிறகு அதை ஊரே பார்ப்பதை விரும்புவாரா என்று அப்போது கேட்டால் சரியான பதில் வராது. ‘சரி, போடுங்க’ என்பார், நம்மிடம் மறுக்கத் தயங்கி. பயிற்சிக்கோ ஆய்வுக்கோ பதிவு செய்ய வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், முன்கூட்டியே எழுத்தில் வாங்கிய சம்மதமும் வேண்டும். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று அவருக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். குடும்பத்தினர் தங்கள் நினைவுக்காகப் பதிவு செய்வதென்றால் முதலில் தாத்தாவிடம் கேளுங்கள், பக்கத்துக் கட்டில்காரர் படத்தில் விழாமல் எடுங்கள், எடுத்ததை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.